'உலகச் சாம்பியன்' என்று மட்டும் போட்டால் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

ஃப்ரீஸ்டைல் செஸ் செய்திகளில் 'உலகச் சாம்பியன்' என்று எழுதும்போது, அந்தப் பட்டத்தைக் கொடுத்த அமைப்பு, ஆண்டு, நேரக் கட்டுப்பாடு (ஆட்டத்துக்குத் தரப்படும் நேரம்) ஆகிய மூன்றையும் கூடவே அச்சிட வேண்டுகிறேன்.

பாபி ஃபிஷர் 1996-ல் பியூனஸ் அயர்ஸில் அறிவித்த ஆட்டம் இது. பின்வரிசைக் காய்களைக் குலுக்கி அடுக்குவார்கள். இரண்டு மந்திரிகளும் வெவ்வேறு நிறக் கட்டங்களில் நிற்க வேண்டும், ராஜா இரு யானைகளுக்கு நடுவே இருக்க வேண்டும். அப்படி 960 அடுக்குகள் கிடைக்கும். ஃபிஷர் ரேண்டம், செஸ்960, ஃப்ரீஸ்டைல் எல்லாம் இந்த ஒரே ஆட்டம்தான். சர்வதேச செஸ் கூட்டமைப்பான ஃபிடே தன் விதிநூலில் செஸ்960 என்கிறது; 2019-லும் 2022-லும் நடத்திய பட்டப்போட்டிக்கு ஃபிஷர் ரேண்டம் என்று பெயர் வைத்தது. பெயர் மாறும்போது பட்டமும் புதிதென்று வாசகர் நினைப்பது இயல்புதானே?

அமெரிக்க ஆட்டக்காரர் நகமுராவையே எடுத்துக்கொள்வோம். 2009-ல் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் அரோனியனை வென்று உலகச் சாம்பியன் ஆனார். அங்கே அவருக்கு முன் ஸ்விட்லரும் அரோனியனும் அதே பட்டத்தை வைத்திருந்தார்கள். அதை ஃபிடே நடத்தவில்லை. ஃபிடேயின் முதல் சாம்பியன் 2019-ல் வென்ற வெஸ்லி சோ. 2022-ல் ரெய்க்யாவிக்கில் நெபோம்னியாச்சியை சமநிலையை உடைக்கும் அர்மகெடான் ஆட்டத்தில் சாய்த்து நகமுரா அந்தப் பட்டத்தைப் பிடித்தார். ஆக, அவரை 'இரண்டாம் முறை சாம்பியன்' என்பதும் 'முதல் முறை' என்பதும் கணக்கைப் பொறுத்தது. மைன்ஸ் பட்டங்களை மறைக்கக் கூடாது, ஃபிடே வரிசையோடு கலக்கவும் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

2024 டிசம்பரில் மூண்ட சண்டைக்கும் இதுதான் வேர். ஃப்ரீஸ்டைல் செஸ் போட்டிகளை நடத்தும் தனியார் நிறுவனம் தன் 2025 தொடர்ப் போட்டிக்கு உலகச் சாம்பியன் பட்டத்தைச் சூட்டப் பார்த்தது. செஸ்ஸில் அந்தப் பட்டம் தங்கள் உரிமை என்று ஃபிடே தடுத்தது. நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் ஆட்டக்காரர்கள். ஃபிடேயின் பட்டச் சுழற்சியிலும் ஆட வேண்டியவர்கள் அவர்கள். கடைசியில் நிறுவனம் அந்த ஆண்டுக்குப் பட்டப்பெயரைக் கைவிட்டது. அதனால் 2025 ஜூலையில் லாஸ் வேகாஸில் கார்ல்சனைப் பிரக்ஞானந்தா வீழ்த்தியது உலகச் சாம்பியன் போட்டியில் அல்ல, தொடரின் ஒரு கட்டத்தில். அதுவும் ரேபிட், அதாவது குறைந்த நேரத்தில் முடியும் ஆட்டம். வெற்றியின் மதிப்பு இதனால் குறையாது, ஆனால் செய்தியில் அது தெளிவாக இருக்க வேண்டும்.

புள்ளிக் கணக்கையும் கவனிக்க வேண்டும். 2019 இறுதியில் சோ கார்ல்சனை 13.5–2.5 என்று வென்றார். வெறுமனே இதைப் படிப்பவர் 16 ஆட்டங்கள் நடந்ததாகவே எண்ணுவார். நடந்தவை ஆறுதான்: ஆட்டத்துக்கு 3 புள்ளி வீதம் நிதான ரேபிட் நான்கு, 2 புள்ளி வீதம் வேக ரேபிட் இரண்டு. சோ நான்கில் வென்றார், இரண்டு டிரா.

நகர்வுகளை வெளியிடும் நாளில் தொடக்க அடுக்கையும் கொடுங்கள். அது இல்லாமல் பலகையில் ஆடிப் பார்க்க வழியில்லை. 960 அடுக்குகளில் இது எத்தனையாவது என்ற எண்ணை மட்டும் போட்டால் பெரும்பாலான வாசகருக்குப் பயன்படாது. வெள்ளையின் எட்டுக் காய்களை இடமிருந்து வலமாக ஒரே வரியில் போட்டால் போதும், கறுப்புக்கும் அதே அடுக்குதான். ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் இடம் மாற்றும் காஸ்லிங் எந்த அடுக்கில் நடந்தாலும் அவை இரண்டும் வழக்கமான செஸ்ஸில் போய் நிற்கும் கட்டங்களிலேயே நிற்கும் என்று ஒரு குறிப்பையும் சேர்த்தால் புதியவர்கள் தடுமாற மாட்டார்கள்.

இப்படிக்கு,
செஸ் நடுவர் ஒருவர்,
திருச்சி