குரல் ஏன் ஒரு காதில் மட்டும்?

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. புது ஹெட்போனில் பீட்டில்ஸ் பழைய பாட்டுகளைக் கேட்டால் குரலெல்லாம் வலது காதிலும் கிடார், டிரம்ஸ் எல்லாம் இடது காதிலும் வருகிறது, பழுது ஹெட்போனிலா காதிலா என்று கேட்டிருந்தாய். இரண்டிலும் இருக்காது. சந்தேகம் தீர, 1969இல் வந்த ‘கம் டுகெதர்’ போட்டுப் பார். பாடும் ஜான் லெனனின் குரல் நடுவில் நின்றால் ஹெட்போன் சரி. அடுத்து அந்தப் பழைய பாட்டையே போட்டு, ஹெட்போனை இடம் வலம் மாற்றி மாட்டு. குரல் இடது காதுக்குப் போய் அதே அளவு கேட்டால் காதும் சரி.

விஷயம் பதிவிலேயே இருக்கிறது. முதல் ஆல்பத்தின் 14 பாட்டில் 10, 1963 பிப்ரவரி 11 அன்று ஒரே நாளில் லண்டன் ஈ.எம்.ஐ. ஸ்டூடியோவில் பதிவானவை. இருந்தது இரண்டு டிராக் டேப் மெஷின், அதாவது ஒரே டேப்பில் இரண்டு ஒலியைத் தனித்தனியாகப் பதியலாம். ஒரு டிராக்கில் வாத்தியங்கள், மற்றதில் குரல். பிறகு இரண்டின் அளவையும் கூட்டிக் குறைத்து ஒரே மோனோவாக, அதாவது இரண்டு பக்கமும் ஒரே ஒலியாகக் கலப்பதற்காகத்தான் அப்படிப் பிரித்தார்கள். இடம், வலம் வேறு வேறு ஒலி வரும் ஸ்டீரியோ இசைத்தட்டுக்கு அந்த இரண்டு டிராக்கையே ஆளுக்கொரு பக்கம் வைத்துவிட்டார்கள். வீட்டில் ஸ்பீக்கரில் கேட்டால் அறைக் காற்றில் கொஞ்சம் கலந்துவிடும். ஹெட்போனில் கலக்க வழியே இல்லை. அதே ஆண்டு அக்டோபரில் நான்கு டிராக் வந்த பிறகும் இந்தப் பழக்கம் உடனே போகவில்லை. 1965இன் ‘ரப்பர் சோல்’ ஸ்டீரியோவிலும் பல பாட்டில் குரல் வலப்பக்கம்தான்.

அந்தக் காலத்துப் பாட்டுக்கு மோனோதான் மூலம் என்பது என் உறுதியான கருத்து. 1967இன் ‘சார்ஜென்ட் பெப்பர்’ ஆல்பத்தின் மோனோ கலவைக்குத்தான் பீட்டில்ஸ் நேரம் கொடுத்து உட்கார்ந்தார்கள். ஸ்டீரியோ பிறகு சில நாளில், அவர்கள் இல்லாமலே முடிந்தது. ‘ஷீ’ஸ் லீவிங் ஹோம்’ பாட்டை இரண்டிலும் கேள். மோனோவில் டேப்பை வேகமாக ஓட்டியிருப்பதால் சுருதி அரை ஸ்வரம் ஏறியிருக்கும். ஸ்டீரியோவில் அதே பாட்டு சோர்ந்து, இழுத்துக்கொண்டு போகும். எல்லாம் மோனோவுக்கே சாதகம் என்று சொல்ல மாட்டேன். 1968இன் ‘ஹெல்டர் ஸ்கெல்டர்’ மோனோவில், கடைசியில் டிரம்ஸ் வாசிக்கும் ரிங்கோ, விரலில் கொப்புளம் வந்துவிட்டது என்று கத்துவது கிடையாது. அதற்கு ஸ்டீரியோதான் வேண்டும்.

சரி, நீ செய்ய வேண்டியது. 2009இல் வந்த ‘தி பீட்டில்ஸ் இன் மோனோ’ சிடி பெட்டி எங்காவது கிடைத்தால் யோசிக்காமல் வாங்கு. கிடைக்கும்வரை போனிலேயே மோனோவாக மாற்றிக் கேட்கலாம். ஐபோனில் செட்டிங்ஸுக்குள் அக்சசிபிலிட்டி, அதில் ஆடியோ பகுதி, ‘மோனோ ஆடியோ’. ஆண்ட்ராய்டில் கம்பெனிக்குக் கம்பெனி இடம் மாறும். செட்டிங்ஸ் தேடல் பெட்டியில் ‘மோனோ’ என்று தட்டினால் வந்துவிடும். பக்கத்திலேயே இடம் வலம் பாலன்ஸ் கோடு ஒன்று இருக்கும். அது நடுவில் நிற்கிறதா என்றும் பார்த்துக்கொள்.

இந்த மாற்று வழியில் ஒரு குறை உண்டு. இரண்டு பக்கமும் ஒலிப்பவை, ஒரு பக்கம் மட்டும் ஒலிப்பவற்றைவிட ஏறத்தாழ 3 டெசிபல் (ஒலி அளவின் அலகு) தூக்கலாகிவிடும். முதல் ஆல்பம் மாதிரி குரல் முழுக்க ஒரு பக்கம், வாத்தியம் முழுக்க ஒரு பக்கம் என்றால் பாதகமில்லை. மோசமானது, அமெரிக்காவில் கேபிடல் கம்பெனி மோனோ டேப்பிலிருந்தே தயாரித்த ‘டியோபோனிக்’ போலி ஸ்டீரியோ. ஒரு பக்கம் அடி ஒலி, மறுபக்கம் மேல் ஒலி என்று பிரித்து, ஒன்றைத் துளி தாமதப்படுத்தியிருப்பார்கள். அதை மறுபடி சேர்த்தால் தாமதம் காரணமாகச் சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, குழாய்க்குள்ளிருந்து பாடுவது போலிருக்கும். அந்தப் பதிப்பைத் தொடாதே.

ஸ்டீரியோவேதான் பிடிக்கும் என்றால் இசைத் தயாரிப்பாளர் ஜைல்ஸ் மார்ட்டின் செய்த புதுக் கலவைகளைக் கேள்: 2017 ‘சார்ஜென்ட் பெப்பர்’, 2022 ‘ரிவால்வர்’. பின்னதில் ஒரே டிராக்கில் ஒட்டிக் கிடந்த வாத்தியங்களை மென்பொருளால் பிரித்தெடுத்திருக்கிறார்கள். ‘ஷீ லவ்ஸ் யூ’வுக்கு முதல் பதிவு டேப்பே மிஞ்சவில்லை, கலந்து முடித்த மோனோ டேப் மட்டும்தான். அதையும் இப்படியே பிரித்து 2023இல் ஸ்டீரியோ ஆக்கினார்கள். குரல் நடுவில் நிற்கிறது, ஹெட்போனில் சுகம்.

பீட்டில்ஸ் மட்டுமல்ல, அமெரிக்கக் குழு பீச் பாய்ஸின் ‘பெட் சவுண்ட்ஸ்’ ஆல்பமும் 1966இல் மோனோவாக மட்டுமே கலக்கப்பட்டது. அதை உருவாக்கிய பிரையன் வில்சனுக்கு வலது காது கேட்காமல் இருந்தது. ஒரு காதால் கேட்டுக் கேட்டு அடுக்கிய ஒலி அது. அதையும் முதலில் மோனோவிலேயே கேள்.

கேட்டு முடித்ததும் போனில் அந்த மோனோ செட்டிங்கை மறக்காமல் அணைத்துவிடு. இல்லாவிட்டால் லெட் செப்பெலினின் ‘ஹோல் லாட்டா லவ்’ நடுப்பகுதியில் ஒலி இந்தக் காதுக்கும் அந்தக் காதுக்கும் பாய்வது உனக்குக் கிடைக்காமல் போகும்.

அன்புடன்,
ரவி