உண்ணி கடித்ததா என்று கேளுங்கள்

எங்கள் கன்டோனின் (மாநிலத்தின்) பெரிய மருத்துவமனைத் தோல்நோய்ப் பிரிவினருக்கும், சுகாதாரத் துறைப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

சென்ற கிழமை அம்மாவின் கோப்பை முழுதாக வாசித்தேன். மூன்று வருடத்துக் கடிதங்கள், தோல் துண்டை எடுத்துச் சோதித்த பயொப்சி முடிவு, 12 தடவை கொடுத்த கதிர்வீச்சின் விபரம், எல்லாம் இருக்கின்றன. அம்மாவின் தோல் நோய்க்கும் உண்ணிக்கடிக்கும் தொடர்பு இருக்கக்கூடும், ஆனால் உண்ணி என்ற சொல் மட்டும் ஓரிடத்திலும் இல்லை. அதனால்தான் இந்த மடல்.

அம்மாவின் இடது மேற்கையில் இருந்த இரண்டு சிவந்த கட்டிகளும் தோலில் தொடங்கும் பி-செல் லிம்போமா (பி-செல் என்னும் வெள்ளை இரத்த அணுக்களில் உண்டாவது), அதில் மார்ஜினல் ஸோன் என்ற வகை என்று நீங்கள் சொன்ன நாள் எனக்கு மறக்காது. மொழிபெயர்ப்பாளர் வரவில்லை, நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. எடை குறைந்ததா, காய்ச்சல் வந்ததா, இரவில் வியர்க்கிறதா என்று கேட்டீர்கள். எல்லாவற்றுக்கும் இல்லை என்றார் அம்மா. லிம்போமாவுக்கு எனக்குத் தமிழில் வேறு சொல் வரவில்லை. “புற்றுநோய் அம்மா” என்றேன். அன்றிரவே கைக்காப்புகளைக் கழற்றி, “பிள்ளை, இது உனக்கு, இது தங்கச்சிக்கு” என்று துணியில் முடிந்து வைத்துவிட்டார். இந்த வகை மெதுவாக வளர்வது, ஐந்து வருடம் கழித்தும் 100க்கு 95 பேருக்கு மேல் உயிரோடு இருக்கிறார்கள் என்பதை நான் பிறகு வாசித்துத்தான் தெரிந்துகொண்டேன். அம்மா அதை நம்பவில்லை. காப்புகள் இன்னும் அந்த முடிச்சில்தான் கிடக்கின்றன.

காட்டோரம் ஒரு தோட்டத் துண்டு எடுத்து, 15 வருடமாகக் கீரையும் புடலங்காயும் வளர்ப்பவர் அம்மா. உண்ணி கடிக்காத கோடை இல்லை. ஊரில் மாட்டிலும் நாயிலும் ஆமணக்கங்கொட்டை அளவில் ஊதிக் கிடக்கும் உண்ணியைப் பிடுங்கிப் பழகியவருக்கு, இங்குள்ள எள்ளளவு உண்ணி ஒரு பொருட்டே இல்லை. கேட்காமல் தானாகச் சொல்லவும் மாட்டார். உண்ணிக்கென்று தடுப்பூசி வேறு போட்டிருந்தார். அது உண்ணி பரப்பும் மூளைக்காய்ச்சல் வைரஸுக்கு மட்டும்தான், அதே உண்ணி பரப்பும் பொரேலியா என்ற பக்டீரியாவைத் தடுக்காது என்று எங்களுக்கு யாரும் விளக்கவில்லை.

இந்த வருடம் முதுகில் புதிதாக ஒரு கட்டி வந்தபோது, வேறொரு நகரத்தில் இரண்டாவது மருத்துவரிடம் போனோம். அவருடைய முதல் கேள்வியே “உண்ணி கடித்திருக்கிறதா?” என்பதுதான். காலுறையைக் கழற்றச் சொன்னார். கணுக்காலில் தோல் நீலம் பாய்ந்து, சுருங்கி, கடதாசி போல மெலிந்திருந்தது. வயது போனதால் என்று நாங்கள் நினைத்திருந்தோம். அது பொரேலியா தோலில் பல வருடம் தங்கியதன் அடையாளம் என்றார். இரத்தப் பரிசோதனையிலும் பொரேலியாவை எதிர்க்க உடல் உண்டாக்கும் பிறபொருளெதிரி மிக அதிகம். டொக்ஸிசைக்ளின் என்ற அன்டிபயோடிக் கொடுத்தார். முதுகுக் கட்டி இப்போது தட்டையாகிக்கொண்டு வருகிறது. மருந்தால்தானா என்று அவரே உறுதியாகச் சொல்லவில்லை. நானும் சொல்ல மாட்டேன்.

ஆனால் பொரேலியாவுக்கும் இந்த லிம்போமாவுக்கும் தொடர்பு இருக்கலாம் என்பது நேற்று முளைத்த பேச்சு இல்லை என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். 1997இல் ஒஸ்திரியாவின் கிராஸ் நகரத்தில் இப்படியான 50 தோல் லிம்போமாக்களைச் சோதித்து 9இல் பொரேலியாவின் டி.என்.ஏ. கண்டார்கள். 2000இல் ஸ்கொட்லாந்து மலைநாட்டில் 20இல் 7. அமெரிக்காவிலும் ஆசியாவிலும் தேடியபோது அப்படிக் கிடைக்கவில்லை. அதுவும் உண்மைதான். ஆனால் ஐரோப்பிய உண்ணியில் இருக்கும் பொரேலியா வகைகள் வேறு, நாங்கள் இருப்பதும் ஐரோப்பாவில். பக்டீரியாவை ஒழித்தால் லிம்போமா சுருங்குவதும் புதிதல்ல: இரைப்பையில் தங்கும் ஹெலிகோபாக்டர் என்ற பக்டீரியாவை ஒழித்தால் இரைப்பை லிம்போமா சுருங்கும் என்று 1993இலேயே லண்டனில் காட்டினார்கள். இந்தத் தோல் லிம்போமாக்களுக்கான 2008ஆம் ஆண்டின் சர்வதேசப் பரிந்துரையும், பொரேலியா தொடர்பு தெரிந்தால் கடும் சிகிச்சைக்கு முன் அன்டிபயோடிக்கை யோசிக்கச் சொல்கிறது. தொடர்பு இருக்கிறதா என்று பார்த்தால்தானே யோசிக்கலாம்?

கோபம் வருகிறது. மாதாமாதம் காப்புறுதிப் பணம் தவறாமல் கட்டுகிறோம். 15 நிமிடத்தில் ஆளை வெளியே அனுப்புகிறீர்கள். மொழி தெரியாத தாய்க்குப் பிள்ளையே மரணச் செய்தி போல ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடப் பெற்றோருக்கு இந்த வேலையைச் செய்கிறார்கள். அதைத் தனியாகவே எழுத வேண்டும்.

இப்போது கேட்பது ஒன்றுதான். தோல் பி-செல் லிம்போமா என்று முடிவு வந்தால், கதிர்வீச்சுக்கு நாள் குறிக்குமுன் உண்ணி கடித்ததா என்று கேளுங்கள். உண்ணியின் படத்தைக் காட்டிக் கேளுங்கள், அம்மா போன்றவர்களுக்கு அது போதும். கடித்திருந்தால் இரத்தத்திலும் பயொப்சித் துண்டிலும் பொரேலியாவைத் தேடுங்கள். முதல் நாள் நிரப்பும் படிவத்தில் இதற்கு ஒரு வரி சேர்க்க முடியுமா என்று தயவுசெய்து எழுத்தில் பதில் தாருங்கள். அம்மாவின் முதல் பயொப்சித் துண்டு உங்களிடம் பத்திரமாக இருக்கும். அதையும் சோதித்துத் தரும்படி பணிவாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நோயாளி ஒருவரின் மகள்