அகிலனுக்கு விசர் இல்லை, அம்மா

ஸ்காபரோ, கனடா
12-02-2023

அன்புள்ள அம்மா, ஐயா இருவருக்கும்,

உங்கள் கடிதம் புதன்கிழமை கிடைத்தது. நான்கு மாதமாக ஒரு வரியும் எழுதாததற்கு நீங்கள் ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். "உனக்கு என்ன கஷ்டமோ பிள்ளை" என்று கேட்டிருக்கிறீர்கள். அதைத்தான் தாங்க முடியவில்லை. கஷ்டம் ஒன்றும் இல்லை. இவருக்கு வேலை நேரத்தைக் கொஞ்சம் குறைத்திருக்கிறார்கள். பின்னேரங்களில் பிள்ளைகளோடு வீட்டில் நிற்கிறார். பேஸ்மென்ட் நல்ல சூடு.

குளிர் எல்லாம் வெளியேதான். பக்கத்து வீட்டில் ஐயாவின் வயதில் ஒரு இத்தாலியர் இருக்கிறார். அவருடைய முற்றத்தில் ஒரு அத்திமரம் நின்றது. பனிக்காலம் தொடங்க முன்பு, வேரை ஒரு பக்கம் வெட்டி, மரத்தை அப்படியே குழிக்குள் சாய்த்து, பலகையும் சாக்கும் மண்ணும் போட்டு மூடிவிட்டார். சித்திரையில் தோண்டி நிமிர்த்துவாராம். இந்தக் குளிரில் அத்தி நின்று பிழைக்காதாம். ஐயாவிடம் சொல்லுங்கள், நம்பமாட்டார்.

இனி மாமி உங்களுக்குச் சொன்ன விஷயம். அகிலனைப் பள்ளிக்கூடத்தில் "விசர் டாக்டரிடம்" காட்டினோம் என்று சொல்லியிருக்கிறார். அவர் டாக்டர் இல்லை, மருந்தும் எழுதமாட்டார். பள்ளிக்கூட உளவியலாளர். ஒருவரே பல பள்ளிக்கூடங்களைப் பார்க்கிறவர், அதனால் எங்கள் முறை வர ஒரு வருடம் ஆனது. அந்த ஒரு வருடமும் காலையில் வயிறு வலிக்கிறது என்று பிள்ளை அழுததை யாரிடம் போய்ச் சொல்வது? ஆனால் வெளியே இதே சோதனைக்கு ஆயிரக்கணக்கில் டாலர் கேட்கிறார்கள். இங்கே ஒரு சதமும் வாங்கவில்லை.

சம்மதப் படிவத்தில் நான் ஒப்பம் வைத்த பிறகுதான் தொடங்கினார். முதலில் வகுப்பின் கடைசி வாங்கில் இருந்து அவனைப் பார்த்தார். பிறகு மூன்று காலைகள் தனியாக இருத்திச் செய்வித்தார். கட்டைகளை அடுக்கச் சொன்னார். இலக்கங்களைத் தலைகீழாகத் திருப்பிச் சொல்லச் சொன்னார். ஒரு சொல்லின் முதல் ஒலியை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன என்று கேட்டார். கட்டை அடுக்குவதில் வயதுக்கு மீறிய கெட்டிக்காரனாம். ஒலிகளைப் பிரிப்பதில்தான் தடுக்குகிறதாம்.

அதுவரை எல்லோரும் "இங்கிலீஷ் புதிது, போகப் போகச் சரிவரும்" என்றே சொன்னார்கள். இந்த உளவியலாளர்தான் தமிழ் மொழிபெயர்ப்பாளரை அழைத்து வைத்துக்கொண்டு, "ஊரில் தமிழ் எழுத்தை எப்படிப் பழகினான்?" என்று என்னிடம் கேட்டார். எனக்குத் தொண்டை அடைத்தது. நெல்லியடியில் "பட்டம்" என்ற சொல்லை ஒரே கொப்பியில் நான்கு விதமாக எழுதினானே, அம்மா. நான் பூவரசம் தடி முறிக்க, நீங்கள் குறுக்கே வந்து நின்றீர்கள். இரண்டு மொழியிலும் ஒரே இடத்தில் தடுக்குகிறது என்றால் மொழி புதிது என்பதால் அல்ல என்றார். வாசிப்பதிலும் எழுதுவதிலும் வரும் இந்தத் தடுக்கலுக்கு டிஸ்லெக்சியா என்று பெயர். சோம்பலும் இல்லை, மந்தமும் இல்லை.

இப்போது அவனுக்கென்று ஒரு தனிக் கல்வித் திட்டம் எழுதியிருக்கிறார்கள். சோதனைக்கு மேலதிக நேரம், கேள்வியை வாசித்துச் சொல்ல ஒருவர், ஒலியிலிருந்து எழுத்தைப் படிப்படியாகப் பழக்க ஒரு ஆசிரியை. எங்கள் பிள்ளைக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை என்று நான் கூசினேன். சலுகை இல்லை என்றார் அவர். பிரிட்டிஷ் கொலம்பியாவில் இப்படி வாசிக்கத் திணறிய ஒரு பையனின் வழக்கில், இது ஆடம்பரம் அல்ல, படிப்புக்குள் ஏறுவதற்கான சாய்தளம் என்று 2012இல் இந்த நாட்டு உச்ச நீதிமன்றமே எழுதியிருக்கிறதாம். சக்கர நாற்காலிக்குப் போடுகிறார்களே, அந்தச் சாய்தளம்.

கடைசி நாளில் அவனை முன்னால் இருத்தி, எது சுலபம், எது கடினம், ஏன் என்று அவனுக்கே விளக்கினார். பஸ்ஸில் வரும்போது, "அம்மா, எனக்கு மூளை இருக்கிறதாம்" என்றான். நான் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இது பரம்பரையாகவும் வருமாம். எங்கள் குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்று கேட்டார். இல்லை என்றேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் ஐயாவின் நினைவு வந்தது. தபால் வந்தால், "கண்ணாடியை எங்கேயோ வைத்துவிட்டேன், நீ வாசி" என்று உங்களிடம் நீட்டுவாரே. மரத்தைக் கண்ணால் அளந்தே எத்தனை பலகை தேறும் என்று சொல்கிறவர், ஒருநாளும் பேப்பர் விரித்து நான் பார்த்ததில்லை. இந்தக் கடிதத்தையும் நீங்கள்தான் வாசித்துக் காட்டுவீர்கள். அவர் எழுந்து போனால் விட்டுவிடுங்கள். பேரன் தன்னைப் போல என்று மட்டும் பிறகு சொல்லுங்கள்.

அன்று இரவு புட்டு அவித்தேன். பைக்கற்றில் உறைந்த தேங்காய்ப்பூதான். ஆவி முகத்தில் அடித்ததும் உங்கள் அடுப்படி மணந்தது. பிள்ளைகள் நித்திரையாகும்வரை அடக்கிக்கொண்டிருந்தேன்.

வதனியின் கலியாணத்துக்குச் சொன்ன காசு சித்திரையில்தான் வரும். இங்கே ஒரு கணக்கு முடிய வேண்டியிருக்கிறது, வேறொன்றும் இல்லை. மாப்பிள்ளை வீட்டார் காணியை முன்னதாக எழுதக் கேட்டால் அவசரப்பட வேண்டாம். உறுதியில் கிணற்றுப் பங்கையும் வழி வாய்க்காலையும் சேர்த்து எழுத வேண்டும். நொத்தாரிசு வீட்டில் ஐயா ஒப்பம் வைக்க முன்பு, தம்பி பக்கத்தில் இருந்து ஒவ்வொரு வரியாகச் சத்தமாக வாசிக்கட்டும். யாரும் அவரிடம் கண்ணாடி எங்கே என்று கேட்க வேண்டாம்.

அன்பு மகள்,
சுமதி