தண்ணீர் எதுவரை வந்தது?

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் தாமதமானதற்குச் சோம்பல் காரணமில்லை, நாடகம்தான். இந்த வயதிலா என்று நீ சிரிப்பது இங்கே கேட்கிறது. சிரித்து முடித்துவிட்டு மேலே படி.

முதலில் தோற்ற கதை. ஆனி மாதம் ஒரு கிராமத்தில், பார்ப்பவர்களையும் நடிக்க வைப்பதென்று இறங்கினோம். பிரேசில்காரர் அகஸ்டோ போவால் அப்படிச் செய்தவர். நடக்கிற நாடகத்தை நிறுத்தி, கூட்டத்தில் ஒருவர் எழுந்து வந்து கதையை மாற்றிக் காட்டலாம். அதைப் படித்த தெம்பில் வாழைத்தார் வியாபாரி ஒருவரைக் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். முன்வரிசை மெல்லப் பின்வாங்கியது. கடைசியில் எனக்கும் கூட்டத்துக்கும் நடுவே ஒரு பஸ்ஸைத் திருப்பியிருக்கலாம்.

ஆடி மாதக் கோயில் கொடை விழாவில் வில்லுப்பாட்டு கேட்டபோதுதான் உறைத்தது. புலவர் கதை சொல்லச் சொல்ல, பின்பாட்டுக்காரர் "ஆமாம்" போடுகிறார். கொஞ்ச நேரத்தில் என் பக்கத்தில் இருந்த பொடியன்களும் "ஆமாம்" போட்டார்கள். அவர்களை யாரும் கூப்பிடவில்லை.

குலசேகரன்பட்டினம் தசராவை நினைத்துப் பார். முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டு காளி, குறவன், போலீஸ் என்று வேஷம் கட்டி வீடு வீடாகக் காணிக்கை கேட்டு வருவார்களே! உங்கள் வீட்டு நடையில் வந்து நின்ற காளி நம் தெருக் கொத்தனார்தான் என்று உன் அம்மாவுக்குத் தெரியும். தெரிந்தும் கும்பிட்டுத்தானே காசு போட்டார்கள்? நடிக்கச் சொன்னால் ஓடியிருப்பார்கள். காசு போடுவது அவர்களுக்குத் தெரிந்த வேலை. நான் அந்த வியாபாரிக்கு வேலை எதுவும் கொடுக்கவில்லை, வெட்கத்தைத்தான் கொடுத்தேன்.

போன வாரம் தாமிரபரணிக் கரையில் வேறொரு ஊர். 2023 டிசம்பர் வெள்ளம் நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை, குறுக்குத்துறை முருகன் கோயிலை ஆறு மூழ்கடித்த நாட்கள். அதைத்தான் எடுத்துக்கொண்டோம். சாமான் இரண்டே: சாக்பீஸ் ஒரு பெட்டி, பழைய நீலச் சேலை ஒன்று. "உங்கள் வீட்டில் தண்ணீர் எதுவரை வந்தது? சாவடிச் சுவரில் ஒரு கோடு போடுங்கள்." அவ்வளவுதான் கேட்டோம்.

பத்து நிமிடம் யாரும் அசையவில்லை. எனக்கு வயிறு கலங்கியது. பிறகு ஒருவர் கோடு போட்டார். "அவன் வீட்டில் அவ்வளவு ஏது?" என்று ஒரு பாட்டி எழுந்தார். பிள்ளைகள் சேலையை விரித்துப் பிடித்துத் தண்ணீரானார்கள். பாட்டி நடுவில் நின்று, "ஏற்று, இன்னும் ஏற்று" என்று அதட்டினார். முழங்கால், இடுப்பு, நெஞ்சு. "ஆட்டை மச்சில் ஏற்றினோம்" என்று அவர் சொன்னதும் பின்னாலிருந்து ஒரு குரல் ஆடாகக் கத்தியது. நாங்கள் எழுதி வைத்த வசனம் ஒன்றும் தேவைப்படவில்லை. எழுதியவனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

தூணோரம் நின்ற ஒருவர் கடைசிவரை வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. முடிந்து நான் ஈரமில்லாத அந்தச் சேலையை மடிக்கத் தடுமாறியபோது, வந்து மறுமுனையைப் பிடித்தார்.

உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? இந்தத் தசராவுக்கு நான் குரங்கு வேஷம் கட்டுகிறேன். கரடி காலியாக இருக்கிறது. சீக்கிரம் பதில் போடு.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்