கைவேலையும் கைக்குழந்தையும்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்தது. சின்னவள் தவழ ஆரம்பித்துவிட்டாள், தரையில் இருந்த பொருளெல்லாம் மேலே ஏறிவிட்டன என்று எழுதியிருந்தாய். படித்துச் சிரித்தேன். இங்கே அதையெல்லாம் தாண்டி, நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறும் பருவம் நடக்கிறது. அதை விவரித்து இப்போதே உன்னைப் பயமுறுத்தப் போவதில்லை. பெரியவனுக்கு முன்பல் ஒன்று ஆடுகிறது. நாள் முழுக்க அதை நாக்கால் தள்ளிக்கொண்டே திரிகிறான். என் சின்னவளுக்குப் பேச்சு வந்துவிட்டது. அதில் பாதி 'வேண்டாம்'.

சரி, நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு உனக்கு மட்டும் கைவேலைக்கு எப்படியடி நேரம் கிடைக்கிறது என்று கேட்டிருந்தாய். நேரம் எங்கே கிடைக்கிறது? கிடைக்கும் என்று காத்திருப்பதை விட்டுவிட்டேன், அவ்வளவுதான். வேலையை மாற்றிக்கொண்டேன். பாதியில் போட்டுவிட்டு எழுந்து ஓடினாலும் கெடாத வேலை எது என்று பார்த்து, அதை மட்டும் கையில் எடுக்கிறேன்.

இந்த யோசனை எனக்குத் தானாக வந்ததில்லை. ஜூடித் பிரவுன் என்ற மானிடவியல் ஆய்வாளர் 1970இல் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். பல சமூகங்களில் சில வேலைகள் மட்டும் ஏன் பெரும்பாலும் பெண்கள் கையில் இருக்கின்றன என்பதுதான் அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. பிள்ளை வளர்ப்போடு ஒத்துப்போகும் வேலைகளே அவர்களிடம் வந்து சேர்கின்றன என்றார். அப்படி ஒத்துப்போகும் வேலைக்கு அடையாளமும் சொன்னார். முழுக் கவனத்தைக் கேட்காது, செய்ததையே திரும்பத் திரும்பச் செய்வதாக இருக்கும், நடுவில் நிறுத்தலாம், நிறுத்தியதைச் சுலபமாகத் தொடரலாம், பக்கத்தில் விளையாடும் குழந்தைக்கு ஆபத்து இருக்காது, வீட்டைவிட்டுத் தொலைவுக்குப் போக வேண்டியதில்லை. நூல் நூற்பதும் நெய்வதும் பல இடங்களில் ஏன் பெண்கள் வேலையாக இருந்தன என்பதைப் பின்னால் வந்தவர்கள் இதை வைத்துத்தான் விளக்கினார்கள்.

படித்ததும் பாதி நிம்மதி, பாதி எரிச்சல். எரிச்சலைப் பிறகு சொல்கிறேன். நிம்மதி எதற்கென்றால், என் அலமாரியில் இருந்த ஒவ்வொரு வேலையையும் அந்த அடையாளங்களோடு ஒத்துப் பார்க்க முடிந்தது. தையல் மிஷின் போச்சு. ஓடும் மிஷினுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன விரல் வந்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே வேண்டாம். குளூ கன், அயர்ன் பாக்ஸ் சம்பந்தப்பட்டது எல்லாம் அதே கணக்கில் போச்சு. கட்டம் எண்ணிப் போடும் கிராஸ் ஸ்டிச் எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று உனக்குத் தெரியும். 14 கவுண்ட் துணி என்றால் ஓர் அங்குலத்துக்குள் பதினான்கு கட்டம். பச்சையில் ஏழு, மஞ்சளில் மூன்று என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டிருக்கும்போது 'அம்மா, டைனோசர் எத்தனை பல் விளக்கும்?' என்று கேட்டால் எண்ணிக்கை எங்கே நிற்கும்? அதையும் கட்டி மேலே வைத்துவிட்டேன்.

தேறியவை கைத்தையல், எளிய எம்பிராய்டரி, கொக்கி முனையுள்ள ஒற்றை ஊசியால் நூலைப் பின்னும் குரோஷா. இவற்றில் குரோஷாதான் முதல் மார்க். ஏன் என்று கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் நீ இரட்டை ஊசிப் பின்னல்காரி, உனக்கு இது உறைக்க வேண்டும். உன் பின்னலில் ஒரு வரிசையின் கண்ணிகள் அத்தனையும் ஊசியிலேயே தொங்குகின்றன. அறுபது கண்ணி போட்டிருந்தால் அறுபதும். உன் மகள் வந்து ஊசியை உருவினால் அறுபதும் அந்தரத்தில். குரோஷாவில் ஊசியில் நிற்பது ஒரே ஒரு கண்ணி. முந்தையது எல்லாம் பூட்டியாயிற்று. எழுந்து போக வேண்டும் என்றால் அந்த ஒரு கண்ணியை விரல் நீளத்துக்கு இழுத்துவிட்டு, அதில் ஓர் ஊக்கை மாட்டி மூடிவிடுவேன். குரோஷா ஊசியைக் கையோடு எடுத்துக்கொள்வேன். திரும்பி வரும்போது நூல் பந்து சோபாவுக்கு அடியில் போய் மூன்று நாற்காலிக் கால்களைச் சுற்றியிருக்கும், ஆனால் பின்னியது பின்னியபடியே இருக்கும். யாராவது ஊக்கைக் கழற்றி நூலை இழுத்தாலும் ஒவ்வொரு கண்ணியாகத்தான் பிரியும். எதுவரை பிரிந்ததோ அங்கிருந்து பிடித்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. வரிசையை முடித்துவிட்டு வருகிறேன் என்று உட்கார்ந்திருப்பதில்லை. நடு வரிசையிலேயே நிறுத்துகிறேன். நடுவில் நின்றால் அடுத்து என்ன என்பதைப் பக்கத்துக் கண்ணியே காட்டிக்கொடுக்கும்; வரிசை முடிந்து நின்றால் அடுத்த வரிசை என்ன என்று முதலிலிருந்து யோசிக்க வேண்டும். 'இதோ வருகிறேன், இதோ வருகிறேன்' என்று பிள்ளையைக் காக்கவைத்து, கடைசியில் இரண்டு பேரும் சிடுசிடுப்பதும் மிச்சம்.

யோசிக்கும் வேலையையும் கை வேலையையும் பிரித்து வைத்ததுதான் எனக்குப் பெரிய உதவி. டிசைன் வரைவது, துணி வெட்டுவது, நிறம் பொருத்துவது எல்லாம் தலை தெளிவாக இருக்கும்போது, பகல் வெளிச்சத்தில். இரவு விளக்கில் நீலமும் கருநீலமும் ஒன்றாகத் தெரிந்து ஏமாற்றும். எம்பிராய்டரி நூல் ஆறு இழையாக வரும் இல்லையா, அதை ஒன்றரை அடி நீளத்துக்கு வெட்டி, இரண்டு இரண்டு இழையாகப் பிரித்து, நாலைந்து ஊசிகளில் கோர்த்து ஒரு ஃபெல்ட் துண்டில் குத்தி வைத்துவிடுவேன். அதைவிட நீளமாக வெட்டினால் துணிக்குள் போய் வந்து போய் வந்து நூல் பஞ்சடித்துப் போகும், முடிச்சும் விழும். பிள்ளைகள் தூங்கிய பிறகு மிஞ்சும் கொஞ்ச நேரத்தில் ஊசிக்காதோடு மல்லுக்கட்ட யாருக்கு முடியும்? கோர்த்த ஊசி தயாராக இருந்தால் நாலு இலைக்குக் காம்புத் தையல் போட்டுவிட்டுப் படுத்துவிடலாம்.

ஆனால் ஊசி விஷயத்தில் நான் ராட்சசி. எத்தனை ஊசி எடுத்தேனோ அத்தனை ஊசி திரும்ப ஃபெல்ட்டில் இருந்தால்தான் விளக்கை அணைப்பேன். தொலைந்த ஊசியைத் தேடக் காந்தம் வைத்திருக்கிறேன், கைப்பிடி போட்ட பெரிய காந்தம். சின்னப் பொத்தான் காந்தங்கள் வீட்டுக்குள்ளேயே கிடையாது. குழந்தை அதில் இரண்டை விழுங்கினால் குடலின் இரு மடிப்புகளுக்கு நடுவே ஒன்றையொன்று இழுத்துப் பிடித்து ஓட்டையே போட்டுவிடும். பொம்மை செய்தால் கண்ணுக்குப் பொத்தான் தைப்பதில்லை, நூலாலேயே கண் போடுகிறேன். மூன்று வயதுக்குள் இருக்கும் குழந்தைகளின் பொம்மையைச் சோதிக்க ஓர் உருளை வைத்திருக்கிறார்கள், அதன் வாய் அகலம் 31.7 மில்லிமீட்டர். அதற்குள் முழுசாகப் போய்விடும் துண்டு எதுவும் பொம்மையில் இருக்கக் கூடாது, கழன்றும் வரக் கூடாது. எந்தச் சட்டைப் பொத்தான் அதற்குள் போகாது சொல்லு?

நீ சின்னவளுக்குத் தொட்டில் போர்வை பின்ன ஆசைப்படுவதாக எழுதியிருந்தாய். பின்னு, ஆனால் தூங்கும்போது போர்த்தாதே. ஒரு வயது ஆகும்வரை தூங்கும் குழந்தையின் அருகே தளர்வான போர்வை வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் சொல்கிறது. தரையில் விரித்து, நீ பக்கத்தில் இருக்கும்போது விளையாட விடு. பெரிய ஓட்டை விழும் டிசைனும் வேண்டாம், விரல் மாட்டும்.

அப்புறம், பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு செய்தால் என்ன என்று கேட்டாய். இதில் எனக்குக் கொஞ்சம் கறாரான அபிப்பிராயம் உண்டு. பிள்ளையோடு கைவேலை செய்வது வேறு, நான் என் கைவேலையைச் செய்வது வேறு. முதலாவது பிள்ளை வளர்ப்புக் கணக்கு. பசை துடைப்பதும் கத்தரிக்கோலைப் பிடுங்குவதும் காகிதம் பொறுக்குவதுமாக அந்த நேரம் போய்விடும். அதில் சந்தோஷம் இல்லை என்று சொல்லவில்லை, ஓய்வு இல்லை. இரண்டையும் ஒன்று என்று நினைத்துக்கொண்டுதான் நம்மில் பலர் களைத்துப்போகிறோம்.

நான் வேலை செய்யும்போது பெரியவனுக்கும் ஒரு வேலை கொடுத்துவிடுகிறேன். கனத்த அட்டையில் சுற்றிலும் ஓட்டை போட்டு ஒரு ஷூ லேஸ். பழைய விஷயம்தான், 1837இல் ஜெர்மனியில் சின்னக் குழந்தைகளுக்கான பள்ளியை ஆரம்பித்த ஃபிரெடரிக் ஃப்ரோபெல் முறையிலேயே அட்டையில் நூல் கோர்ப்பது, காகிதம் மடிப்பது, காகிதப் பட்டை பின்னுவது எல்லாம் உண்டு. அது அலுத்த பிறகு சாக்குத்துணியும், முனை மழுங்கிய பெரிய காதுள்ள ஊசியும், சிவப்பு உல்லன் நூலும் கொடுத்தேன். ஊசியைக் கீழிருந்து மேலே கொண்டுவந்தான். சரி. அடுத்து மேலிருந்து கீழே போக வேண்டும் அல்லவா? அவன் துணியின் ஓரத்தைச் சுற்றிக்கொண்டு மறுபடி கீழே போய் மறுபடி மேலே வந்தான். நூல் துணியின் விளிம்பைக் கட்டிக்கொண்டே போனது. கொஞ்ச நேரத்தில் துணி சுருண்டு ஒரு பை மாதிரி ஆகிவிட்டது. நான் வாயைத் திறக்கவில்லை, கை மட்டும் பரபரத்தது. அவன் அதைத் தூக்கிப் பார்த்து, 'இது நத்தை வீடு' என்றான். நத்தை வீட்டில் இப்போது மூன்று கார்கள் குடியிருக்கின்றன.

என் சின்னவளுக்கு நூல் பந்தே கொடுப்பதில்லை. விரலிலும் கழுத்திலும் சுற்றிக்கொள்வாள். ஒரு டப்பா நிறையத் துணித் துண்டுகள் கொடுத்தால் போடுவதும் எடுப்பதுமாக இருப்பாள். எவ்வளவு நேரம் என்று கேட்காதே, அது அவள் இஷ்டம்.

இப்போது அந்த எரிச்சல். பிள்ளை கூப்பிட்டதும் போட்டுவிட்டு ஓடக்கூடிய வேலைதான் பெண்ணுக்கு வாய்க்கிறது என்றால், நமக்குப் பிடித்த வேலை எது என்பதைப் பிள்ளையின் அழுகைதானே தீர்மானிக்கிறது? இவருக்குப் புகைப்படம் எடுக்கும் ஆசை. கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது 'இது நடுவில் நிறுத்தக்கூடிய வேலையா' என்று யாரும் கேட்பதில்லை. இதை ஒரு நாள் அவரிடம் அப்படியே சொன்னேன். சண்டைக்காகச் சொல்லவில்லை, ஆனால் சண்டையாகத்தான் ஆனது. இப்போது வாரத்தில் ஒரு மாலை பிள்ளைகள் அவர் பொறுப்பு. நான் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு மிஷினில் உட்காருகிறேன். முதல் சில வாரங்கள் கதவுக்கு வெளியே அழுகை, தட்டல், 'அம்மாவுக்கு வேலை இருக்குடா' என்ற கெஞ்சல். இப்போது பழகிவிட்டது. ஆகவே, குரோஷா ஊக்கு தந்திரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இதை விட்டுவிடாதே. இரண்டும் வேண்டும்.

ஆர்டர் எடுத்துச் செய்யலாமா என்ற உன் யோசனைக்கு என் ஓட்டு: இப்போது வேண்டாம். ஆர்டருக்குத் தேதி உண்டு, பிள்ளைகளின் காய்ச்சல் தேதி பார்த்து வருவதில்லை. வாங்குகிறவர்களுக்கு மிஷின் பின்னலுக்கும் கை குரோஷாவுக்கும் வித்தியாசமும் தெரிவதில்லை. இரட்டை ஊசிப் பின்னலுக்கு 1589இலேயே இங்கிலாந்தில் வில்லியம் லீ மிஷின் கண்டுபிடித்துவிட்டார். குரோஷா இன்றும் கையால்தான். இதை ஒவ்வொருவருக்கும் விளக்கிக்கொண்டிருக்க உனக்கு நேரம் ஏது? உன் சின்னவள் கொஞ்சம் பெரியவளாகட்டும், பிறகு நானே உன்னைப் பிடித்துத் தள்ளுகிறேன்.

இப்போதைக்குக் குரோஷாவில் சின்னச் சதுரங்கள் போடு. ஒவ்வொன்றும் தனித்தனி, கைப்பையில் அடங்கும், மருத்துவர் வரும்வரை காத்திருக்கும் நேரத்தில்கூட ஒன்று பாதி ஆகிவிடும். ஒன்பது சேர்ந்தால் குஷன் உறை, இன்னும் சேர்ந்தால் மடிப் போர்வை. எங்கே நிறுத்தினாலும் அது ஏதோ ஒன்றாக ஆகிவிடும் என்பதுதான் அதில் எனக்குப் பிடித்தது. நூலை மட்டும் முதலிலேயே மொத்தமாக வாங்கிவிடு, லேபிளில் சாய லாட் எண் ஒன்றாக இருக்கிறதா பார். நாம் முடிக்கிற வேகத்துக்கு அடுத்த முறை போகும்போது அந்த லாட் கடையில் இருக்காது, அதே வெள்ளை வேறு வெள்ளையாக வரும்.

உன் அலமாரி மேல் எம்பிராய்டரி ஃபிரேமோடு பாதியில் கிடக்கும் அந்த மேஜை விரிப்பை இறக்கி, ஃபிரேமை மட்டுமாவது கழற்றி வை. வட்டமாக மடிப்பு விழுந்துவிட்டால் லேசில் போகாது. மீதிப் பூக்களைப் போட முடியவில்லை என்றால் எனக்கு அனுப்பு. உன் கையும் என் கையும் கலந்து இருக்கட்டுமே, யார் பார்த்துக் கேட்கப் போகிறார்கள்?

நம் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நோட்டு ஓரமெல்லாம் பூ வரைவாளே, அவள் இப்போது பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுக்கிறாளாம். உன்னை விசாரித்தாள். உன் முகவரி கொடுத்திருக்கிறேன், எழுதுவாள்.

உன் சின்னவளுக்குப் பருத்தி நூலில் ஒரு மேல்சட்டை ஆரம்பிக்கப் போகிறேன். கம்பளி வேண்டாம் என்று வைத்தேன். யாராவது தெரியாமல் சுடுதண்ணீரில் போட்டுத் துவைத்தால் அதன் இழைகள் ஒன்றோடொன்று சிக்கி, சட்டை சுருங்கிப் பொம்மைக்குத்தான் ஆகும். மார்புச் சுற்றளவும் தோளிலிருந்து இடுப்புவரை நீளமும் அளந்து எழுது. முதல் வருஷத்தில் மட்டும் குழந்தை ஏறக்குறைய 25 சென்டிமீட்டர் வளர்ந்துவிடும், என் வேகமும் உனக்குத் தெரியும். அதனால் இன்றைய அளவை மட்டும் எழுது, அதற்கு மேல் எவ்வளவு விட வேண்டும் என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி