வடமராட்சிப் பயணம்: புதன் இரவுக்குள் பெயர் தாருங்கள்

பழைய மாணவ நண்பர்களுக்கு வணக்கம்.

கொழும்பு நண்பர்கள் விடுமுறைக்கு வருகிறார்கள். இம்முறை மண்டபத்தில் கூடாமல், யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகிழக்கில் உள்ள வடமராட்சியின் சிற்றூர்களுக்குப் போவோம். நெரிசலிலேயே நாள் கழிப்பவர்களுக்கு அந்த ஊர்களின் அமைதியைக் காட்டவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

ஜூன் 14, ஞாயிறு. காலை 6.30க்கு யாழ். பஸ் நிலையத்தருகே வான் வண்டி புறப்படும்.

1. முதலில் வல்வெட்டித்துறை. இங்கு கட்டிய அன்னபூரணி என்ற பாய்மரக் கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. பிள்ளைகளுக்கு இதை அந்தக் கரையில் நின்றே சொல்லவேண்டும்.
2. அடுத்து வல்லிபுர ஆழ்வார் கோயில். ஆண்கள் வேட்டியுடன் வாருங்கள்.
3. பருத்தித்துறையில் மதிய உணவு. தட்டை வடை வாங்க நேரம் தருவோம். கொழும்புக்குக் கொண்டுபோக ஒரு பை கூடுதலாக எடுத்துவாருங்கள்.
4. மாலையில் மணற்காடு. மணல் மேடுகளும், மணலில் புதைந்த பழைய அந்தோனியார் தேவாலயத்தின் சுவர்களும் இருக்கின்றன. எனக்கு இதுவே பயணத்தின் உயிர், அவசரப்படுத்தமாட்டேன். இடிந்த சுவர்களில் யாரும் ஏறவேண்டாம்.
5. தண்ணீர், தொப்பி அவசியம். பிளாஸ்டிக் குப்பையைத் திரும்பக் கொண்டுவருவோம்.
6. ஒருவருக்கு 2,500 ரூபா, வானில் ஏறும்போது தந்தால் போதும்.

பெயர், வருவோர் எண்ணிக்கை, சைவமா அசைவமா என்பதைப் புதன் இரவு 9 மணிக்குள் இங்கேயே பதிவிடுங்கள். வயதான பெற்றோரை அழைத்துவருபவர்கள் அதையும் குறிப்பிடுங்கள். முன் இருக்கைகளை அவர்களுக்கு ஒதுக்குவேன்.