ஃபோர் கவுண்டீஸ் ரிங்: சண்முகத்துக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சண்முகம்,

கடிதம் கிடைத்தது. மாலதிக்கு முழங்கால் வலி குறைந்திருப்பது பெரிய நிம்மதி. ஆகஸ்டில் இருவரும் இங்கே இங்கிலாந்துக்கு வந்து, கால்வாயில் ஓடும் ஒடுங்கிய நேரோபோட் ஒன்றை எடுத்து, ஏழு நாளில் ஃபோர் கவுண்டீஸ் ரிங் என்ற கால்வாய்ச் சுற்றை முடித்துவிடலாம் என்று எழுதியிருக்கிறாய். ஏழு நாள் போதாது.

அந்தச் சுற்று சுமார் 110 மைல், 94 லாக். லாக் என்பது இரு முனையிலும் கதவு வைத்து, தண்ணீரை நிரப்பியோ வடித்தோ படகை ஏற்றி இறக்கும் தொட்டி. இங்கே படகுக்காரர்கள் ஒரு லாக்கை ஒரு மைலாக எண்ணி, மொத்தத்தை மூன்றால் வகுப்பார்கள். 204ஐ வகுத்தால் 68 மணி நேரம். ஏழு நாளில் முடிக்க தினமும் பத்து மணி நேரம் படகு ஓட்ட வேண்டும். தண்ணீர் பிடிப்பதும் லாக்கில் வரிசை நிற்பதும் தனி. பத்து நாளாவது எடு, பதினான்கு என்றால் நிம்மதி. ஒரு வாரம்தான் லீவு என்றால் ஆஷ்பி கால்வாய்க்குப் போங்கள். 22 மைலில் ஒரு லாக்கூடக் கிடையாது.

வேகமாகப் போய் நேரத்தை மிச்சம் பிடிக்கவும் முடியாது. மணிக்கு 4 மைல் என்பது விதி. பல இடங்களில் கால்வாய் அந்த வேகத்துக்கும் விடாது. படகு முன்னே தள்ளும் தண்ணீர் இரு பக்கமும் பின்னோக்கி ஓடியாக வேண்டும். ஆழமும் அகலமும் குறைந்த இடத்தில் எஞ்சினை முறுக்கினால் படகின் பின்பகுதி அமிழும், அலை கரையை அரிக்கும், டீசல்தான் வீணாகும். அடிக்கடி திரும்பிப் பார். கரையில் அலை உடைகிறதென்றால் வேகத்தைக் குறை. கட்டி நிற்கும் படகுகளை மிக மெதுவாகக் கட. இல்லாவிட்டால் நீ இழுக்கும் தண்ணீரில் அவர்கள் அடித்த முளைகள் பிடுங்கிக்கொள்ளும்.

வலப்புறம் திரும்ப, சுக்கானைத் திருப்பும் கைப்பிடியான டில்லரை இடப்புறம் தள்ள வேண்டும். புரொப்பெல்லர் தள்ளும் தண்ணீர் சுக்கானில் பட்டால்தான் படகு திரும்பும், ஆகவே நியூட்ரலிலும் ரிவர்ஸிலும் அது சொன்னபடி கேட்காது. எதிரே படகு வந்தால் வலப்பக்கம் ஒதுங்கு. ரொம்ப முன்கூட்டியே ஒதுங்காதே, ஓரமெல்லாம் சேறு. தரை தட்டினால் முன்னோக்கி முறுக்காமல் ரிவர்ஸில் போட்டு, கழியால் உந்து.

இனி லாக். நேரோபோட்டின் அகலம் 6 அடி 10 அங்குலம், லாக்கின் அகலம் சுமார் 7 அடி. மாலதி டில்லரைப் பிடிக்கட்டும், கதவுகளை நீ பார். கதவின் நீண்ட மரக்கையைக் கையால் தள்ளாதே. முதுகைக் கொடுத்து, காலை ஊன்றித் தள்ளு. இரு பக்கமும் தண்ணீர் மட்டம் சமமாகும்வரை எவ்வளவு தள்ளினாலும் அது அசையாது.

கீழே இறங்கும்போது கவனிக்க வேண்டியது ‘சில்’. மேல்கதவுக்கு அடியில் லாக்குக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் படி அது. லாக் நிரம்பியிருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது. அது எதுவரை நீள்கிறது என்று கரையில் வெள்ளைக்கோடு போட்டிருப்பார்கள். பின்பகுதி, சுக்கான் உட்பட, அந்தக் கோட்டுக்கு முன்னால் இருக்க வேண்டும். தண்ணீர் இறங்கும்போது பின்பகுதி சில்லில் உட்கார்ந்துவிட்டால் முன்முனை கீழே சரிந்து, சில நிமிடங்களில் படகு மூழ்கிவிடும். படகு சாய்கிறது என்று சந்தேகம் வந்த உடனே, தண்ணீரை வெளியே விடும் கீழ் மதகுகளை மூடு. பிறகு மேல் மதகைத் திறந்து மெதுவாக நிரப்பு. கயிற்றை இறுக்கிக் கட்டி வைப்பதும் ஆபத்து, படகு அதிலேயே தொங்கிவிடும்.

ஏறும்போது முதலில் கரையிலுள்ள தரை மதகைத் திற, அதுவும் பாதி. கதவிலேயே இருக்கும் மதகை, சில் தண்ணீரில் மூழ்கிய பிறகுதான் திறக்க வேண்டும். முந்தித் திறந்தால் தண்ணீர் நேராகப் படகின் முன்தளத்தில் கொட்டும். மதகைச் சுற்றும் கைப்பிடியான விண்ட்லஸை ஒருபோதும் அதன் தண்டில் விட்டுவிட்டு வராதே. பற்சக்கரத்தின் பிடி நழுவினால் அது சுழன்று பறந்து எலும்பை உடைக்கும்.

ஒரு முறை லாக்கைப் பயன்படுத்தினால் ஏறக்குறைய ஒரு லட்சம் லிட்டர் தண்ணீர் கீழே போகிறது. எதிர்ப்படகு வருவது தெரிந்து, லாக்கின் தண்ணீர் மட்டம் அவர்கள் பக்கத்துக்குச் சமமாக இருந்தால், அவர்கள் வரும்வரை காத்திரு. 2025 கோடையில் மழை பொய்த்து, லீட்ஸ்–லிவர்பூல் கால்வாயில் நீண்ட பகுதியை மூட வேண்டியிருந்தது.

ஃபோர் கவுண்டீஸ் சுற்றில் வீலாக் என்ற ஊரிலிருந்து மேலே 26 லாக் அடுத்தடுத்து வரும். ஒரே நாளில் முடிக்க நினைக்காதே. அதன் உச்சியில் ஹேர்காஸில் சுரங்கம், 1827இல் பொறியாளர் டெல்ஃபோர்ட் முடித்தது. ஒன்றே முக்கால் மைலுக்குச் சற்றுக் குறைவு, ஒரு வழிப்பாதை, கடக்க நாற்பது நிமிடம் ஆகும். நுழையுமுன் அங்குள்ள காவலர் சொல்வதைக் கேட்டு, ஹார்ன், விளக்கு இரண்டையும் சரிபார். அதே சுற்றின் ஷ்ராப்ஷயர் யூனியன் கால்வாய்ப் பகுதியில் தண்ணீருக்கடியில் கல்திட்டு ஓடுவதால் படகு கரையை ஒட்டி நிற்காது, இரவெல்லாம் இடிக்கும். கட்டுவதற்கென்று ஒதுக்கிய இடங்களில் மட்டும் நிறுத்து.

படகு திடீரென்று வலுவிழந்து புகை கக்கினால் புரொப்பெல்லரில் துணியோ பிளாஸ்டிக்கோ சுற்றியிருக்கும். எஞ்சினை நிறுத்தி, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, புரொப்பெல்லருக்கு மேலுள்ள வீட் ஹாட்ச் என்ற மூடியைத் திறந்து, கத்தியால் அறு. மூடியைத் திரும்ப இறுக்கமாகப் பூட்டியதை உறுதி செய்யாமல் எஞ்சினைப் போடாதே. அந்த ஓட்டை வழியே எஞ்சின் அறைக்குள் தண்ணீர் புகுந்துவிடும். மாலையில் கட்டியதும், புரொப்பெல்லர் தண்டு வெளியேறும் இடத்திலுள்ள ஸ்டெர்ன் கிளாண்டின் கிரீஸ் குப்பியை இறுக்கம் தெரியும்வரை திருகு, சொட்டு நின்றுவிடும். காலையில் எண்ணெயளவு பார்ப்பதும் உன் வேலை.

பள்ளி விடுமுறை முடிந்த செப்டம்பரில் வரிசை குறைவு. நவம்பர் முதல் மார்ச் வரை பழுதுபார்க்க அங்கங்கே லாக்குகளை மூடுவார்கள், அந்த மாதங்கள் வேண்டாம். இரண்டு பேருக்கு 45 அடிப் படகே தாராளம். வாடகைக்குத் தருபவரிடம் விண்ட்லஸ் இரண்டாவது கேட்டு வாங்கு, ஒன்று தண்ணீரில் விழுந்தால் மற்றொன்று வேண்டும். பத்து நாளா, ஆஷ்பியா என்று இருவரும் பேசி முடிவு செய்து எழுதுங்கள்.

அன்புடன்,
கணேசன்